முகப்பில் பெயரில்லாத இலக்கணம்

1770-இல் கோபன்ஹேகனில் ஒரு சின்ன இலக்கண நூல் அச்சானது. ‘செயின்ட் தாமசில் பிறந்த ஒருவர் தொகுத்து எழுதியது’ என்கிறது முகப்பு. செயின்ட் தாமஸ், கரீபியக் கடலில் அன்று டென்மார்க் ஆண்ட தீவு. பெயர் இல்லை. அந்த ஒருவர் யோகும் மெல்கியோர் மாகன்ஸ். தோட்ட முதலாளி, தீவு நிர்வாகத்திலும் பொறுப்பு வகித்தவர். கிரியோல் என்பது பல மொழிக்காரர்கள் கலந்த இடத்தில் பிறந்து, பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிவிட்ட கலப்பு மொழி. அப்படிப்பட்ட மொழி ஒன்றுக்கு அச்சேறிய முதல் இலக்கணம் இதுதான்.

இந்த வகை ஆவணங்களோடு வேலை செய்கிறவர்கள் ஆசிரியர் யாரென்று தெரிந்ததும் முகப்பைப் புரட்டிவிடுகிறார்கள். ‘பிறந்த’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவது நல்லது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த துரைகளுக்காக எழுதப்பட்ட கூலித் தமிழ்க் கையேடுகளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். அவை வெளியிலிருந்து வந்தவன் வேலை ஏவுவதற்கானவை. தீவில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளோ கிரியோல் பேசியே வளர்ந்தார்கள். மாகன்ஸ் தன் வாயில் புழங்கிய மொழியைத்தான் எழுதினார். ஆனால் அது வெள்ளையர் வீட்டுப் பேச்சு, கரும்புக் காட்டுப் பேச்சு அல்ல. அவர் நூலைப் பிடித்துக்கொண்டு ‘அடிமைகள் இப்படிப் பேசினார்கள்’ என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கொடி டேனிஷ் என்றாலும் மொழியின் சொற்கள் பெரும்பாலும் டச்சு. முதலில் குடியேறிய தோட்டக்காரர்களில் டச்சுக்காரர்கள் நிறைய. பின்னால் ஆய்வுகளில் நிலைத்த பெயர் நெகர்ஹொலண்ட்ஸ்.

வேலைக்கு உட்காரும்போது தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி கட்டிக்கொள்ள வேண்டும். முதல் பத்தியில் மாகன்ஸின் எழுத்துக்கூட்டல். இரண்டாவதில் மொராவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் மறைப்பணிச் சபையில் சேர்ந்த அடிமைகளின் 18-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள். மூன்றாவதில் டச்சு ஆய்வாளர் டி யோசெலின் டி யோங் 1922-23-இல் தீவுகளின் முதியவர்களிடம் கேட்டெழுதி 1926-இல் வெளியிட்ட கதைகள். ஒரு சொல் மூன்றிலும் எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே அதைப் பற்றி வாய் திறக்கலாம். கடந்த காலத்துக்கு மாகன்ஸ் காலத்தில் ‘ஹா’ என்று எழுதினார்கள். 1926-இல் அது வெறும் ‘அ’. நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு அன்று ‘லே’, பின்னால் ‘லோ’. இது 150 ஆண்டுகளில் வந்த மாற்றமா, அல்லது டச்சு படித்த கை முன்பே மறைத்துவைத்த உச்சரிப்பா? கடிதங்களை எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. அவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். எழுதக் கற்றவர்கள் பலர் டச்சு நடையைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

வினையில்தான் அதிகம் தடுக்கும். வினைச்சொல்லுக்கு விகுதியே கிடையாது. எல்லாம் முன்னால் வரும் துண்டுச் சொல்லின் வேலை. ‘கா’ என்றால் செயல் முடிந்தது. ‘கான்’ என்றால் முடியும் அல்லது வழக்கம். தேய்ந்த அச்சில் கடைசி எழுத்து ஒன்று மங்கினாலே பொருள் மாறிவிடும். அக்கால அச்சின் நீள ‘எஸ்’ எழுத்து, ‘எஃப்’ போலத் தெரியும். கணினிக்குப் படிக்கக் கொடுத்தால் ‘செண்டர்’ என்பதை ‘ஃபெண்டர்’ ஆக்கிக் கொடுக்கும். ‘செண்டர்’ என்றால் ‘அவர்கள்’. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டினால் பன்மை, நம் ‘கள்’ போல. அதைத் தவறவிட்டால் பன்மையே இல்லாத மொழி என்று எழுதிவிடுவோம்.

மாகன்ஸின் கிரியோல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1781-இல் வந்தது. அதன் தலைப்பே நல்ல பாடம்: ‘கா செட் ஓவர்’. மொழிபெயர்க்கப்பட்டது என்று பொருள். செயப்பாட்டுக்குத் தனிக் குறி எதுவும் இல்லை, ‘கா’ மட்டும் நிற்கிறது. இலத்தீன் இலக்கணச் சட்டகத்தோடு வருகிறவர்கள் இங்கே இல்லாத துணைவினையைத் தேடுவார்கள். தரங்கம்பாடியை வைத்திருந்ததும் இதே டேனிஷ் அரசுதான். அங்கே தமிழைக் கற்ற சீகன்பால்கு 1716-இல் வெளியிட்ட தமிழ் இலக்கணத்தைத் திறந்தவர்களுக்கு அந்தச் சட்டகம் பழக்கமாகத்தான் இருக்கும்.

விதிகளை விட, இலக்கணத்தோடு மாகன்ஸ் சேர்த்த உரையாடல்களையும் பழமொழிகளையும் நம்பலாம். விதி எழுதும்போது ஆள் பள்ளிக்கூடத்தை நினைக்கிறார். பழமொழி எழுதும்போது காதில் விழுந்ததை எழுதுகிறார். ‘பூசணி சுரைக்காயைப் பெறாது’ என்று ஒன்று. சுரை விதைத்தால் அவரை முளைக்குமா என்பதன் உடன்பிறப்பு. அதில் ‘பெறு’ என்பதற்கு வரும் ‘பாரீ’ டச்சே அல்ல, ஐபீரியச் சொல். டச்சு அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வரியிலேயே வேலை நின்றுவிடும். போர்த்துகீசிய அகராதியும் ஸ்பானிய அகராதியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.