அறுபது நடக்கிறதா, முடிந்ததா?

"அம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டால் "அறுபது நடக்குது" என்று பதில் வரும். முதியோர் சலுகைகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் முதலில் நிறுத்திக் கேட்பது இந்த இடத்தில்தான். நம் பேச்சில் அறுபது நடக்கிறது என்றால் ஐம்பத்தொன்பது முடிந்து அறுபதாவது ஆண்டு ஓடுகிறது என்று பொருள். அரசுக் கணக்கில் அறுபது முடிந்திருக்க வேண்டும். நடக்கிற வயதை நம்பி இ-சேவை மையத்துக்குப் போனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டிய கட்டணமும் போகும்.

மணிவிழாவை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. அறுபது முடிந்த பிறகு செய்வதுதான் சஷ்டியப்த பூர்த்தி. இரண்டையுமே வீட்டில் "அறுபதாம் கல்யாணம்" என்று சொல்லிவிடுகிறார்கள். போதாததற்குத் திருக்கடையூரில் பார்ப்பது தமிழ் மாதமும் நட்சத்திரமும். தாலுகா ஆபீசில் பார்ப்பது ஆங்கிலத் தேதி. இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் முன்பின் இருக்கும். விழாப் பத்திரிகை வயதுக்குச் சான்று ஆகாது.

ஆனால் தேதியே தெரியாதவர்களுக்குத் தமிழ் ஆண்டு பெரிய உதவி. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், ஜாதகத்தில் "விசுவாவசு, ஆவணி" என்று இருந்தால் 1965 என்று சொல்லிவிடலாம். அந்த விசுவாவசு மறுபடி வந்தது 2025 ஏப்ரலில். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும். விசுவாவசு மாசியில் பிறந்தவருக்கு 1966 என்று எழுத வேண்டும். தை பிறப்பதும் ஜனவரி நடுவில்தான், அதுவும் 1966. மார்கழியில் பிறந்தவருக்கு மட்டும் தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அந்த மாதம் டிசம்பரிலும் ஜனவரியிலும் பாதி பாதியாகக் கிடக்கிறது. கணக்கு சரியாக வந்தாலும் ஜாதகம் அலுவலகத்தில் செல்லாது. எந்த ஆண்டின் பதிவேட்டில் தேடுவது என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

அடுத்தது பள்ளிச் சான்றிதழ். இன்று அறுபது, எழுபதில் இருப்பவர்களில் பலரைப் பள்ளியில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழ் கேட்டவர் யாரும் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்கும்படி மே மாதத்திலோ ஜூன் முதல் தேதியிலோ ஒரு பிறந்தநாளை எழுதிக்கொள்வார். கை நீளமான பிள்ளைக்கு ஒரு வயது கூடிப்போகும், குட்டையான பிள்ளைக்கு ஒரு வயது குறைந்துபோகும். அப்படிப் போட்ட தேதிதான் பிறகு வேலைக்கும் ஓய்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் அடிப்படை. அது "பொய்த் தேதி" என்று பலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் எல்லா ஆவணங்களிலும் அந்தத் தேதியே இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவற்றோடு பொருந்தாமல் எல்லாமே நின்றுபோகும்.

பள்ளிக்கே போகாதவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். ஆதார் எடுத்த நாளில் "எத்தனை வயசு பாட்டி?" என்று கேட்டிருப்பார்கள், அவரும் தோராயமாக ஒன்றைச் சொல்லியிருப்பார். அட்டையில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று இருக்கும். வயதை நான்கு ஆண்டு குறைத்துச் சொல்லியிருந்தால் தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை நான்கு ஆண்டு தள்ளிப்போகும். மாதம் 1,200 ரூபாய் வீதம் 57,600 ரூபாய். தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்மணிக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும். அதனால் கையில் சரியான ஆவணம் வந்து சேரும்வரை திருத்தப் போகாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகியவை ஏற்கப்படும். பிறப்பு பதிவே ஆகவில்லை என்றால் முதலில் நகராட்சியிலோ ஊராட்சியிலோ "பதிவு இல்லை" என்ற சான்று வாங்கி, பிறகு கோட்டாட்சியரிடம் காலதாமதப் பதிவுக்கு உத்தரவு கேட்க வேண்டும். பிறந்து ஓராண்டு கடந்த எல்லாப் பதிவுகளுக்கும் இப்படி ஓர் உத்தரவு தேவை. நாள் பிடிக்கும். ஆகவே அறுபது முடியும் நாளில் அல்ல, ஐம்பத்தெட்டிலேயே தொடங்குங்கள்.

ஆதார் என்பது அடையாளத்துக்கான சான்று, பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆதாரை விட்டுப் பள்ளிச் சான்றிதழின் தேதியையே எடுத்துக்கொண்டது. இருந்தாலும் நடைமுறையில் கணினித் திரையில் முதலில் வருவது ஆதார் வயதுதான். 70 நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் மத்திய அரசு 2024-ல் தொடங்கிய 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆதாரில் உள்ள வயதே கணக்கு.

எந்தக் காகிதமும் இல்லாதவருக்கு முதியோர் உதவித்தொகைக்காக அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று பெற வழி உண்டு. எலும்பு எக்ஸ்ரே இளம் வயதில்தான் வயதைத் துல்லியமாகக் காட்டும். அறுபதை ஒட்டி அது கைகொடுக்காது. ஆகவே வெறுங்கையோடு போகாமல் பழைய ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மூத்த மகனுக்கு 46 என்றால் தாய்க்கு 60 ஆகவில்லை என்று சொல்ல வாய்ப்பு குறைவு. வயதைக் கூட்டிப் போட்டுத் தரச் சொல்கிறவர்களும் வருகிறார்கள். அதைச் செய்யக் கூடாது. பின்னால் காப்பீட்டிலோ வருங்கால வைப்பு நிதியிலோ வேறு தேதி இருப்பது தெரிந்தால், குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் நின்றுவிடும்.

காகிதம் சரியானாலும் அறுபது எல்லா இடத்திலும் அறுபதாக இல்லை. வருங்கால வைப்பு நிதி வழியாக வரும் தொழிலாளர் ஓய்வூதியத்துக்கு 58. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60. பணி ஓய்வு பெற்றவரானால் 55-லேயே சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு 60-ல் 3 லட்சம், 80-ல் 5 லட்சம் வரை வரி இல்லை; புதிய முறையில் வயது வித்தியாசமே கிடையாது. ஏப்ரல் 1-ல் பிறந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் மார்ச் 31-லேயே அறுபது நிறைந்தவர்கள் என்று வருமான வரித் துறை 2016-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஒரே நாளில் ஒரு முழு நிதியாண்டின் சலுகை முன்னால் வந்துவிடும்.

ரயிலில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அப்போது ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 58 என்று வைத்திருந்தார்கள். இன்றும் இருப்பது "கீழ்ப்படுக்கை/மூத்த குடிமக்கள்" என்ற ஒதுக்கீடு: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45. நாற்பத்தைந்தில் தன்னை மூத்த குடிமகள் என்று எழுத எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? அந்த ஒதுக்கீட்டின் பெயரைப் பார்த்தே விட்டுவிடுகிறார்கள். முழங்கால் வலியோடு மேல்படுக்கை ஏறுவதைவிட அந்தப் பெயரை ஒரு இரவு பொறுத்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்து ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் போடுங்கள். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் நான்கு பேர் போட்டால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது, தாத்தாவுக்கு மேல்படுக்கை வந்து சேரும்.

பெயர் என்று வரும்போது, முதியோர் உதவித்தொகையில் மனதைக் குத்தும் சொல் "முதியோர்" அல்ல, "ஆதரவற்ற" என்பதுதான். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். "ஆதரவு யாரும் இல்லையாம்மா?" என்பார். பக்கத்து வீட்டார் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். "எனக்கென்ன, ரெண்டு பசங்க இருக்காங்க" என்று அந்த அம்மா தலை நிமிர்ந்து சொல்லிவிடுவார். அந்த இரண்டு பேரும் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருந்து பண்டிகைக்கு மட்டும் வருகிறவர்களாக இருப்பார்கள். ஆனால் அறிக்கையில் "மகன்கள் உள்ளனர்" என்று ஏறிவிடும். அவரைப் பொய் சொல்லச் சொல்லாதீர்கள், மகன்களைக் குறை சொல்லவும் சொல்லாதீர்கள். "பசங்க தனியாக இருக்கிறார்கள், மாதாமாதம் பணம் வருவதில்லை, நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்ல முன்கூட்டியே பேசிவையுங்கள். ரேஷன் அட்டையில் மகன் பெயர் இன்னும் இருந்தால் அதையும் முதலில் சரிசெய்யுங்கள். விண்ணப்பத்தில் ஒரு தலைப்பெழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு தலைப்பெழுத்து என்று இருந்தாலும் பணம் நிற்கும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு இன்னொரு தடங்கல் உண்டு. நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்து, பீடி சுற்றித் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. பணம் தர வரும் வங்கி முகவரின் கருவி திரும்பத் திரும்பச் சிவப்பு காட்டும். பெரியவர் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்து, ஏதோ தான் தப்பு செய்ததுபோலச் சுற்றிலும் பார்ப்பார். கையைக் கழுவித் துடைத்து மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். அப்படியும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் விரல்ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்து வாருங்கள்.

கவுன்ட்டரில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுபத்தொரு வயதில் ஸ்கூட்டர் ஓட்டி வந்து நிற்பவரைத் "தாத்தா" என்று கூப்பிடாதீர்கள். ஐயா, அம்மா போதும், எந்த வயதுக்கும் பொருந்தும். பிறகு "மூத்த குடிமக்கள் வரிசை அந்தப் பக்கம்" என்று கை காட்டினால் அவரும் தயங்காமல் போய் நிற்பார்.

கடைசியாக, பலர் தவறாக நினைத்திருக்கும் ஒன்று. 2007-ம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் மூத்த குடிமகன் என்றால் 60 வயது. அதனால் ஐம்பத்து நான்கு வயது விதவைத் தாய் "எனக்கு இன்னும் வயசாகலையே" என்று காத்திருக்கிறார். காத்திருக்க வேண்டாம். பெற்றோர் என்ற முறையில் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க அந்தச் சட்டத்தில் வயது வரம்பே இல்லை. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். எழுத உதவிக்கு ஆள் இல்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள், காசு கிடையாது.