பவர் மெஷினும் பொடி எழுத்தும்

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மெஷின் நின்றது. 14 லைனிங் ப்ளவுஸ் வெட்டி அடுக்கி வைத்திருந்தேன். அதில் மூன்று ஆரி ஒர்க் போட்டு வந்தவை. பெடலை மிதித்தால் ஒரு முனகல், டிஸ்பிளேயில் ஏதோ எரர் நம்பர். அணைத்துப் போட்டால் நாலு தையல் ஓடும், திரும்பவும் முனகல். வாங்கி ஐந்து மாதம்தான். மேஜை, மோட்டார் எல்லாம் சேர்த்து 26,500 ரூபாய், குழுவில் எடுத்த கடன்.

சர்வீஸ் தம்பி வந்தான். ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பே அவன் பார்வை போனது கொடியில் தொங்கிய ப்ளவுஸ்கள் மேல். "வெளியாளுக்குத் தைக்கிறீங்களாக்கா? அப்ப வாரண்டி கிடையாது. மோட்டார் மாத்தணும், 6,800 ஆகும்." வாரண்டி அட்டையின் பின்பக்கத்தை விரல் வைத்துக் காட்டினான். வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்று எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடுகிற மெஷினைத் தன் வீட்டுத் தலையணை உறை தைக்கவா ஒருத்தி கடன் எடுத்து வாங்குவாள்?

1915-க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் தந்தார்கள். ஆனால் அவர்களால் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது, புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தரத்தான் முடியும். வந்த பதிலும் அதே எறும்பு வரிதான்.

சரி, சட்டத்தையே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7). வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் இல்லை என்று முதலில் பயமுறுத்துகிறது. அதற்குக் கீழே ஒரு விளக்கம்: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. படித்ததும் எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன். 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான். டாக்ஸி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் அப்படியே. ஆள் வைத்து ஓட்டினால் கதை வேறு. (அந்த வழக்கைப் போட்டவர்கள் தோற்றுப்போனார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.) நானும் நாலு மெஷின் போட்டு நாலு பெண்களை உட்கார வைத்திருந்தால் என் பேச்சும் எடுபட்டிருக்காது.

இன்னொன்று இதைவிடப் பழசு. 1930 சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்கிறவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நான் கம்பெனி பெயர் சொல்லிக் கேட்கவில்லை. "அண்ணே, ஒரு நாளைக்குப் பத்து ப்ளவுஸ் தைக்கணும், எது தாங்கும்?" என்றுதான் கடைக்காரரிடம் கேட்டேன். இதை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

கடைக்கும் கம்பெனிக்கும் ஆளுக்கொரு பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. இந்த இரண்டு பிரிவுகளையும் எழுதி, 15 நாளில் சரிசெய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று முடித்தேன். வெறும் மிரட்டல் இல்லை. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. அதனால்தான் முதலில் கடிதம்.

பில்லை நகல் எடுக்கப் போனால் அது பாதி கறுத்துக் கிடந்தது. பில் மெஷினில் அச்சடிக்கிற அந்த வழுவழு தாள், இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வைத்திருந்தேன், சூட்டுக்குத் தாளே கறுத்து எழுத்து தெரியாமல் போய்விட்டது. நல்லவேளை, வாங்கிய அன்று குழுத் தலைவிக்குக் காட்டவென்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்த படம் இருந்தது. அதைத்தான் அச்செடுத்து இணைத்தேன்.

பதினோராம் நாள் அதே தம்பி புது மோட்டாரோடு வந்தான். காசு கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. தீபாவளி எப்போதோ முடிந்திருந்தது. ஒன்பது ப்ளவுஸை நாத்தனார் மெஷினில் ராத்திரியில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன், ஐந்து துணி திரும்பிப் போனது. அந்த நஷ்டத்தையும் கேட்டிருக்கலாம். தெம்பு இல்லை.

"புது மோட்டாருக்குப் புதுசா ஒரு வருஷமா தம்பி?" என்றேன்.

"இல்லக்கா, பழைய கணக்குல மிச்சம் இருக்கிறதுதான்."

அதுவும் அட்டையில்தான் இருக்கிறது, எறும்பு வரிக்கு இரண்டு வரி கீழே. எனக்குத் தெரியும். சும்மா கேட்டுப் பார்த்தேன்.