கொழிஞ்சாம்பாறை வெயிலில் என் ப்ராசசர்: 95-இல் தொடங்கிய கதை

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு (எடிட் செய்ததை ஒரே வீடியோவாகக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எழுதுகிற வேலை) சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது வாசலிலேயே ஃபேன் சத்தம் கேட்டது, மாவு மில் ஓடுகிற மாதிரி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தால் ப்ராசசர் 95 டிகிரி. என்னிடம் இருப்பது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 3600. 95 என்பது அதற்கு ஏஎம்டி வைத்திருக்கிற உச்சவரம்பு, அதைத் தொட்டதும் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்தெல்லாம் போகாது. ஆனாலும் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓட வேண்டியது 3.6-க்கு இறங்கி நொண்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

வீடியோக்களில் தேடினால் இதே ப்ராசசரில், அதே கூலரில், 80 டிகிரி காட்டுகிறார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது: அவர்கள் அறையில் 21 டிகிரி, என் அறையில் மத்தியானம் 36. கூலர் என்பது சூட்டை ப்ராசசரில் இருந்து எடுத்துக் காற்றில் விடும் சாமான், அவ்வளவுதான். காற்றே 36 என்றால் அதற்கு மேலேதான் எல்லாக் கணக்கும். அதனால் அன்றிலிருந்து நோட்டில் இரண்டு எண் எழுதுவது என்று முடிவு செய்தேன், ப்ராசசர் சூடு ஒன்று, அறைச் சூடு ஒன்று, இரண்டையும் கழித்து வருவதுதான் உண்மையான மார்க். சோதனைக்கு ப்ராசசரை முழு மூச்சாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருள், ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம். அறைச் சூட்டை அளக்க, நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற பெட்டிக்காக வாங்கி வைத்திருந்த தெர்மாமீட்டர், நீளமான வயரில் சென்சார் தொங்கும் வகை. அது இவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

முதல் வேலை தூசி. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தை மாதம் கிழக்கே இருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிற காற்று சும்மா வராது, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பக்கத்துக் கரிசல் காட்டு மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஃபேன் சுற்றாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிவிட்டு ப்ளோயரால் ஊதினேன் (ப்ளோயர் காற்றில் ஃபேனைக் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்). சோதனை போட்டேன். மறுபடி 95. வேகம் மட்டும் 3.7-க்கு ஏறியது.

அடுத்தது பேஸ்ட், ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவுகிற பசை, அதில்தான் உயிர் போய் வந்தது. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டுக் கூலரை நேராகத் தூக்கினேன். லேசாக ஒரு 'டக்'. பார்த்தால் கூலரின் அடியில் ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, ப்ராசசரைப் பிடித்து வைக்கிற சாக்கெட் லீவர் பூட்டியபடியே இருக்கிறது! என் ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 வகை சாக்கெட்டில் ஊசிகள் இருப்பது ப்ராசசரின் பக்கம், மொத்தம் 1,331. பழைய பேஸ்ட் காய்ந்து கோந்து மாதிரி பிடித்திருந்தால் சாக்கெட்டின் பிடியைவிட அது பலமாகிவிடுகிறது. சரியான முறை என்னவென்றால், கழற்றுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்து ப்ராசசரைச் சூடாக்க வேண்டும், பேஸ்ட் இளகும், அப்புறம் கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். இது எனக்கும் தெரியும், தெரிந்தும் அவசரம். ஓர் ஓரத்தில் இரண்டு ஊசி சாய்ந்திருந்தது. பாத்ரூம் லைட்டுக்கு அடியில் நின்றுகொண்டு, ஷேவிங் ப்ளேடின் பட்டையான பக்கத்தை ஊசி வரிசைக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன், முக்கால் மணி நேரம். அழுத்தாமலே சாக்கெட்டில் தானாக இறங்கி உட்கார்ந்தபோது வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. மொபைல் சர்வீஸ் கடையில் வாங்கிய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினேன். இத்தனைக்கும் பலன்? 94. ஒரே ஒரு டிகிரி.

பொள்ளாச்சியில் இருக்கும் மச்சானிடம் ஃபோனில் புலம்பினேன். "மாப்ள, அதை எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் டேபிளில்தான், வேறெங்கே? பழைய மர டேபிள், கீழே சிபியு வைக்க ஒரு பொந்து, பின்னால் பலகை, அதை ஒட்டிச் சுவர். "கோழித் தெர்மாமீட்டர பொந்துக்குள்ள விட்டுப் பாரு" என்றார்.

விட்டுப் பார்த்தேன். அறை 35. பொந்துக்குள், கேஸின் (சிபியு பெட்டியின்) முகத்துக்கு நேராக, 43. கேஸ் பின்பக்கம் விடுகிற சூடான காற்று சுவரில் முட்டி, பக்கவாட்டில் சுற்றி வந்து, மறுபடி முன்பக்கமாகவே உள்ளே போகிறது. நான் நோட்டில் கழித்துக்கொண்டிருந்த 36 பொய்க்கணக்கு, ப்ராசசர் சுவாசித்த காற்று 43. கேஸை வெளியே இழுத்து, தரையில் ஒரு பலகைமேல், சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். அறை 35, ப்ராசசர் 91. வித்தியாசம் 56. காசு செலவில்லை, ஊசி வளையவில்லை. இதை முதலில் செய்திருக்கலாம்.

கேஸ் வெளியே வந்ததும் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஃபேனுக்கும் பக்கத்தில் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு ஏதாச்சும் விசேஷமா?" என்றார். முன் ஃபேன் புகையை உள்ளே இழுத்தது, சரி. பின் ஃபேனும் உள்ளே இழுத்தது! அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், நானும் மூன்று வருடமாகக் கவனிக்கவில்லை. ஃபேனின் நடு மோட்டாரைத் தாங்கும் சட்டக் கைகள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும், பார்த்தாலே தெரியும் விஷயம். நான்கு ஸ்க்ரூ, ஐந்து நிமிடம். வித்தியாசம் 53-க்கு இறங்கியது.

அப்புறமும் ஒரு கேள்வி குடைந்தது. 65 வாட் என்று எழுதியிருக்கிற ப்ராசசர் ஏன் இப்படிக் கொதிக்கிறது? முதலில், அந்த 65 முழுக்கதை இல்லை, இந்த வகை சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்கும். இரண்டாவது, கணக்குப் போடுகிற சில்லு 7 நானோமீட்டர் முறையில் செய்தது, பரப்பு சுமார் 74 சதுர மில்லிமீட்டர்தான், அதுவும் ப்ராசசரின் உலோக மூடிக்கு நடுவில் இல்லாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. நகம் அளவு இடத்தில் பெரும்பங்கு சூடும் பிறந்தால், கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வெளியே வருகிற வழி குறுகல்.

இருந்தாலும் கோயம்புத்தூர் போனபோது டவர் கூலர் ஒன்று வாங்கிவிட்டேன், 120 மில்லிமீட்டர் ஃபேன், நான்கு செம்புக் குழாய். குழாய்க்குள் துளியூண்டு தண்ணீர் இருக்கும், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள், அதனால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். இட்லிச் சட்டி மூடியில் ஆவி போய் முத்து முத்தாக நிற்கிற அதே சங்கதிதான், இங்கே மூடிக்குப் பதில் மேலே தகடுகள். வாங்கும்முன் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். என்னுடையது 155 மில்லிமீட்டர், கேஸில் இருந்த இடம் 160. இந்தத் தடவை ப்ராசசரைச் சூடாக்கி, திருகி எடுத்தேன். அறை 36, ப்ராசசர் 79. வித்தியாசம் 43.

கடைசியாக பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற அடிப்படை செட்டிங்) ஈகோ மோட், அதாவது ப்ராசசர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கிற வசதி, 45 வாட் கணக்கு. சாக்கெட் வழியாக இழுப்பது 60 வாட் சுமாருக்கு அடங்கிவிடும். அறை 36, ப்ராசசர் 66! வேகம் 3.7 பக்கம். யோசித்துப் பாருங்கள், பொந்துக்குள் 95-இல் வெந்துகொண்டு ஓடியபோது இருந்த வேகமும் இதுவேதான், இப்போது சத்தமே இல்லை. பங்குனி, சித்திரையில் இப்படியே ஓட்டுவேன், ஜூன் பக்கம் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்ததும் மறுபடி முழு வாட்டுக்கு மாற்றிவிடலாம்.

தரையில் வைத்ததில் ஒரு தொல்லை, அம்மா பெருக்கும்போதெல்லாம் தூசி நேரே உள்ளே போகிறது. முன்பக்கம் நைலான் கொசுவலையை வெட்டி ஒட்டினேன். அதற்கு 2 டிகிரி கூடியது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றி அலசினால் போதும். டேபிள் பொந்து காலியாகக் கிடந்தது. இப்போது அதில் அம்மாவின் வடகம் டப்பாக்கள்.