பிளாஸ்டிக் தென்னையடியில் இரண்டு ராத்திரி

குளியல் துண்டுக்கு முன்பணம் வாங்கும் மோட்டலை இப்போதுதான் பார்க்கிறேன். துண்டுக்குப் பத்து டாலர், ஆறு துண்டுக்கு அறுபது. அதோடு "ரிசார்ட் கட்டணம்" என்று தினமும் இருபத்தைந்து. எதற்கு என்றால் நீச்சல் குளம் இருக்கிறதே, அதற்காம். குளம் எங்கள் வீட்டு உரலைவிடக் கொஞ்சம் பெரிசு. பெயர் சொல்லப் போவதில்லை, ஆனால் முன்பதிவு செய்யும்போது கடைசிப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

இடம் நியூஜெர்சி தெற்கு முனையில் வைல்ட்வுட். நாங்கள் இருக்கும் எடிசனில் இருந்து கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் விட்டால் 4-ஆம் எக்ஸிட்டில் இறங்க வேண்டியதுதான், வழியில் சுங்கம் சுங்கமாக அழுதோம் என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை.

ஊருக்குள் நுழைந்ததும்தான் விஷயம். தெருவுக்குத் தெரு 1950, 60-களில் கட்டிய மோட்டல்கள்: ராயல் ஹவாயன், வைக்கிக்கி, கரிபியன்! பார்க்வே வந்த புதிதில், கார் வாங்கிய குடும்பங்கள் அறை வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொள்ளலாம் என்று வந்து குவிந்த காலம். ஹவாய்க்கு விமானம் ஏற வசதி இல்லாதவனுக்கு ஹவாயை இங்கேயே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சாய்ந்த கூரை, இளஞ்சிவப்புக் கம்பி, நியான் எழுத்து, குளத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தென்னை. பனி கொட்டும் ஊரில் நிஜத் தென்னை எங்கே பிழைக்கும்?

நான் பேராவூரணிக்காரன். காசு கொடுத்துப் பிளாஸ்டிக் தென்னை பார்க்க வந்திருக்கிறேனே என்று சிரிப்பாக வந்தது. கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். இரும்புக் குழாய், மேலே பழுப்பு உறை, அடியில் சிமெண்டில் நாலு போல்ட். கஜாவில் எங்கள் தோப்பில் பாதி மரம் சாய்ந்தது, இது சாயாது போலிருக்கிறது. "ஏங்க, தேங்காய்கூட மாட்டி வெச்சிருக்காங்க பாருங்க" என்றாள் மனைவி. மூன்று காய், மூன்றும் ஒரே அளவு!

ஆளுயரத்துக்கும் மேலான இந்தப் பிளாஸ்டிக் தென்னையை முதலில் வைத்தவற்றுள் ஒன்று, 1957-ல் கட்டிய கரிபியன். அங்கே தங்க எங்கள் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை, வெளியில் நின்றே பார்த்தோம். பிறை வடிவக் குளம், மாடிக்கு வளைந்து ஏறும் சாய்தளம். இடிபடாமல் தப்பித்து, 2005-ல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. தப்பாதவை நிறைய. நிலத்தின் விலை ஏறிய 2000-களில் வரிசையாக இடித்து கான்டோ என்னும் அடுக்கு வீடுகளைக் கட்டிவிட்டார்கள். அந்த கான்டோக்களைப் பார்த்தால் அழுகை வருகிறது, எடிசனில் இல்லாத பெட்டி வீடா? இடித்த மோட்டல்களின் நியான் பலகைகளில் சிலவற்றை மட்டும் டூ வாப் (இந்த மோட்டல் பாணிக்கு அதுதான் பெயர்) அருங்காட்சியகத் தோட்டத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் போங்கள், பகலில் வெறும் தகரம்.

சாப்பாடு? முதல் நாள் கொண்டுபோன புளியோதரை. இரண்டாம் நாள் போர்டுவாக் எனும் கடலோரப் பலகை நடைபாதையில் ஒரு வாளி உருளைக்கிழங்கு வறுவல், மேலே வினிகர் தெளித்து. நான்கு பேரும் வாளியின் அடியைச் சுரண்டினோம். கடற்கரைக்குக் கட்டணம் கிடையாது, ஜெர்சியில் பல ஊர்களில் மணலை மிதிக்கவே காசு கொடுத்து அனுமதி வில்லை வாங்க வேண்டும். ஆனால் தண்ணீரைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடும், அவ்வளவு அகலமான மணல். "டிராம் வண்டி, கவனம்" என்று போர்டுவாக்கில் ஓடும் டிராமின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே போகும், சின்னவன் ஊர் திரும்பியும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கடைசி ராத்திரி இரண்டு மணி இருக்கும், சடசடவென்று மழைச் சத்தம். ஊரில் காற்றடித்தால் தோப்பில் கேட்கும் அதே சத்தம். அறுபது டாலர் துண்டு கம்பியில் காய்கிறதே என்று வெறுங்காலோடு ஓடினேன். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் ஓலை ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

துண்டு ஆறும் சரியாக இருந்தன. பணம் இன்னும் கார்டுக்குத் திரும்பி வரவில்லை.