விரிதாளில் கற்ற தரவுத்தளப் பாடம்

தரவுத்தளப் பாடத்தில் எனக்குக் கடினமாக இருந்தது நார்மலைசேஷன் எனப்படும் இயல்பாக்கம்தான், அதாவது ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரித்து அமைப்பது. மூன்று இயல்பு வடிவங்களின் வரையறைகளையும் பிசகாமல் ஒப்புவிக்க முடிந்தது. ஆனால் ஓர் அட்டவணையைக் கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழித்தேன். தேர்வுக்காகச் செய்துபார்த்த பயிற்சிக் கேள்விகளை எக்செல் விரிதாள் ஒன்றில் பதிந்துவரத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பகுதி எனக்குப் பிடிபட்டது. இதே பாடத்தைப் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அந்தப் பதிவேடு மாறிவந்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்கு ஒரு வரிசை என்று வைத்தேன். கேள்வி எண், பாடப்பகுதி, அதன்பின் முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி, மூன்றாம் முயற்சி என்று நெடுவரிசைகள் அமைந்தன. ஒவ்வொரு முயற்சிக்கான செல்லிலும் தேதியையும் மதிப்பெண்ணையும் சேர்த்தே எழுதினேன். தவறிய கேள்விகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டினேன். பார்வைக்கு அது தெளிவாகவே இருந்தது. ஆனால் கடந்த ஏழு நாள்களில் எத்தனை கேள்விகள் செய்தேன் என்று அறிய விரும்பியபோது, தேதிகள் மூன்று நெடுவரிசைகளில் சிதறியும் மதிப்பெண்ணோடு ஒட்டியும் கிடந்ததால் எந்தச் சூத்திரத்தாலும் நேரடியாக எண்ண முடியவில்லை. சிவப்பு நிறத்தையும் கவுண்ட்இஃப்ஸ் போன்ற சூத்திரங்களால் எண்ண முடியாது. நான்காம் முறை ஒரு கேள்வியைச் செய்தபோது அதை எழுத இடமே இல்லை. ஒரு செல்லில் ஒரு மதிப்பு மட்டுமே இருக்க வேண்டும், ஒரே வகைத் தகவல் பக்கவாட்டில் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று முதல் இயல்பு வடிவத்துக்குப் பாடநூல் தந்திருந்த விளக்கத்தின் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே ஒரு முயற்சிக்கு ஒரு வரிசை என்று மாற்றினேன். தேதி, கேள்வி எண், பாடப்பகுதி, மதிப்பெண், தவறின் வகை ஆகியவை தனித்தனி நெடுவரிசைகள் ஆயின. எண்ணுவது எளிதாயிற்று, வேறொரு சிக்கல் தலைகாட்டியது. ஒரு கேள்வியை ஐந்து முறை செய்தால் அதன் பாடப்பகுதிப் பெயரையும் ஐந்து முறை எழுத வேண்டியிருந்தது. ஓரிடத்தில் ‘இணைப்பு வினவல்’ என்றும் இன்னோரிடத்தில் ‘இணைப்பு வினவல்கள்’ என்றும் எழுதியிருந்ததால், ஒரே பகுதி இரண்டாகப் பிரிந்து எண்ணப்பட்டது. பாடப்பகுதி என்பது கேள்வியைப் பற்றிய செய்தியே தவிர முயற்சியைப் பற்றிய செய்தி அன்று. இதை உணர்ந்ததும் ‘கேள்விகள்’ என்ற தாளையும் ‘முயற்சிகள்’ என்ற தாளையும் தனித்தனியே அமைத்து, முயற்சிகள் தாளில் கேள்வியின் எண்ணை மட்டும் வைத்தேன். கேள்விகள் தாளில் அந்த எண் முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது; முயற்சிகள் தாளில் அதுவே அயல் சாவி, அதாவது வேறொரு தாளின் வரிசையைச் சுட்டுவது. தேர்வில் எந்த அட்டவணை வந்தாலும், இந்த நெடுவரிசை எதைப் பற்றிப் பேசுகிறது என்ற ஒரு கேள்வியை ஒவ்வொன்றின் மீதும் கேட்டுப் பாருங்கள். வரையறைகளைவிட அது எனக்கு அதிகம் கைகொடுத்தது.

சாவியைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தின் நான்காம் கேள்விக்கு 3-4 என்று எண் கொடுத்தேன். விரிதாள் அதைத் தேதியாக மாற்றிவிட்டது. எக்செல் தேதியை உள்ளுக்குள் ஓர் எண்ணாகவே சேமிப்பதால், பிறகு அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றியபோது தொடர்பே இல்லாத ஐந்திலக்க எண்கள் வந்து நின்றன. இது மாணவரின் கவனக்குறைவு மட்டுமன்று. சில மனித மரபணுக்களின் குறியீடுகளை விரிதாள்கள் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அவற்றுக்குப் பெயரிடும் குழு 2020இல் அக்குறியீடுகளையே மாற்ற நேர்ந்தது. எனவே சாவிக்குரிய நெடுவரிசையைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே உரை என்று வடிவமைத்துவிடுங்கள். முன்னால் சுழியம் வரும் எண்களுக்கும், 15 இலக்கத்தைத் தாண்டும் எண்களுக்கும் இதுவே வழி. இல்லையெனில் முன்னுள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும், 15ஆம் இலக்கத்துக்குப் பிந்தியவை சுழியமாகிவிடும்.

இரண்டு தாள்களையும் இணைக்க, ஒரு மதிப்பை அட்டவணையின் முதல் நெடுவரிசையில் தேடி அதே வரிசையிலுள்ள வேறொரு தகவலை எடுத்துத் தரும் விலுக்அப் சூத்திரத்தைப் பயன்படுத்தினேன். அதன் நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தத்தைத் தேடும். முதல் நெடுவரிசை ஏறுவரிசையில் இருப்பதாக நம்பிக்கொள்ளும். என் கேள்விகள் தாளைப் பாடப்பகுதி வாரியாக வரிசைப்படுத்தியிருந்ததால் பல இடங்களில் தவறான விடை வந்தது. பிழை என்ற அறிவிப்பு வரவில்லை என்பதுதான் பெரிய ஆபத்து. துல்லியப் பொருத்தத்தை மட்டும் தேடும்படி நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுத்த பின்னரே சரியாயிற்று. தரவை அட்டவணைகளாக அமைக்கும் முறையாக 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் மாதிரியில் வரிசைகளின் அடுக்குமுறைக்குப் பொருளே இல்லை. எந்த வரிசையும் இருக்கும் இடத்தால் அன்றி அதன் சாவியால் மட்டுமே அடையாளம் பெறுகிறது. விரிதாளில் கண் எப்போதும் இடத்தையே நம்புவதால், இந்தக் கருத்தை மனத்தில் இருத்தப் பயிற்சி வேண்டும்.

செல்களை ஒன்றிணைக்காதீர்கள், இடையே வெற்று வரிசை விடாதீர்கள், தரவை முறையான அட்டவணையாக மாற்றிய பின்னரே வரிசைப்படுத்துங்கள், ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் வரிசைகள் குலைந்துபோகும். பாடப்பகுதிப் பெயர்களுக்கு டேட்டா வேலிடேஷன் மூலம் கீழிறங்கு பட்டியல் வைத்தால் எழுத்து வேறுபாடுகள் நுழையமாட்டா. ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் கொள்ளும் என்பதால் அளவைப் பற்றி மாணவர் கவலைப்பட வேண்டியதில்லை.

விரிதாளால் இயலாத ஒன்றும் உண்டு. கேள்விகள் தாளில் ஒரு வரிசையை நீக்கினால், முயற்சிகள் தாளில் அதைச் சுட்டும் வரிசைகள் ஆதரவின்றி நிற்கும், யாரும் தடுக்கமாட்டார்கள். இதைக் கண்கூடாகப் பார்க்க, தேர்வுக்கு முன் இரண்டு தாள்களையும் சிஎஸ்வி எனப்படும் எளிய உரைக் கோப்புகளாகச் சேமித்து, எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றினேன். அதில் அயல் சாவிச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்கிவிட்டு ஏற்றியபோது, நான் முன்பு நீக்கிவிட்ட கேள்விகளைச் சுட்டிய முயற்சிகளைத் தரவுத்தளம் ஏற்க மறுத்தது. அந்த வரிசைகள் ஒவ்வொன்றையும் தேடிச் சரிசெய்த அந்த மாலையில், ஓர் அட்டவணை சுட்டும் வரிசை மற்றதில் இருந்தே ஆக வேண்டும் என்னும் சுட்டு ஒருமைப்பாடு பற்றிய ஐந்து மதிப்பெண் விடைக்கு நான் தனியாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.