நந்தி மலைக்கு எம்ஜிபியும் எர்டிகாவும்

முதல் ஞாயிறு. பெங்களூர் அல்சூரில் பெரியப்பா வீட்டு ஷெட்டில் நாலு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த 1967 எம்ஜிபி, இரண்டு பேர் போகும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. பக்கத்திலேயே என் எர்டிகா. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி இருப்பது? காகிதத்தில் எம்ஜிக்குப் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. 1798 சிசி இன்ஜினில் 95 குதிரைத்திறன். ஏழு பேரை ஏற்றும் எர்டிகா 1462 சிசியிலேயே நூறைத் தாண்டிவிடுகிறது. எடையில்தான் எம்ஜிக்கு ஆறுதல்: சுமார் 920 கிலோ. எர்டிகா 1150க்கு மேல்.

இரண்டாம் ஞாயிறு. ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை. பழைய ஹோஸ் ஊறிப்போய் மெத்தென்று இருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது. ஜேசி ரோட்டில் எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி மாற்றினேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை: பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். ஒரு துண்டு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டிலும் "உஸ்" ஒரே மாதிரி வரும்வரை திருகு, கேள், மறுபடி திருகு. "டேய், முன்னாடி இருக்கறது அதிகமா கத்துது பாரு" என்றார் பெரியப்பா, நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. சரியாகத்தான் சொன்னார். அடுத்து கலவை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை லேசாகத் தூக்கினால் இன்ஜின் வேகம் கூடி, கூடிய வேகத்திலேயே ஓடியது. பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்குக் கீழே உள்ள ஆறுபட்டை நட்டை இரண்டு பட்டை மேலே ஏற்றியதும், வேகம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தது. அதுதான் சரி. இந்த வேலையை எர்டிகாவில் ஒரு சென்சார் ஓடும்போதே செய்துகொண்டிருக்கிறது. எனக்கு ஒரு முழு மதியம், கழுத்துவலி தனி.

மூன்றாம் ஞாயிறு, விடியற்காலை. எம்ஜியில் நானும் பெரியப்பாவும். பின்னால் எர்டிகாவில் மச்சான், என் மனைவி, பிள்ளைகள். மலை வளைவுகளில் ஸ்டீயரிங் இரண்டு கையையும் கேட்டது. ஆனால் டயருக்கு அடியில் இருக்கும் சரளைக்கல்கூட உள்ளங்கைக்குத் தெரிந்தது. பவர் ஸ்டீயரிங்கில் ஒரு விரலால் திருப்பி வந்த மச்சானுக்கு அப்படி எதுவும் தெரியவில்லையாம். பிரேக்கில் மட்டும் மனசார எர்டிகா பக்கம்தான் நான். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இறக்கத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்தால் கால் நடுங்கும்.

மேலே போய் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் கரி. மறுபடி பெட்ரோல் அதிகம். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல், நந்தி 1478. ஏற ஏறக் காற்று மெலிகிறது, ஆனால் கார்புரேட்டர் பெட்ரோலை அதே அளவுக்குக் குறைப்பதில்லை. எர்டிகாவுக்கு மலை ஏறியதே தெரியாது.

திரும்பும்போது ஹெப்பாளில் நெரிசல். எம்ஜியின் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. வண்டி நின்றால் அதுவும் சோம்பிவிடும். டெம்பரேச்சர் முள் ஏறியது. "ஹீட்டரைப் போடு" என்றார் பெரியப்பா. இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துவிட்டால் முள் இறங்குமாம். இறங்கியது. கூடவே எங்கள் கால்களும் வெந்தன. பக்கத்தில் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஷெட்டில் நிறுத்தியதும் மறுபடி ப்ளக் பார்த்தேன். முன் இரண்டும் பழுப்பு, அது சரியான நிறம். பின் இரண்டும் இன்னும் கறுப்பு. அடுத்த ஞாயிறு பின் கார்புரேட்டர்.