தகட்டுக்கு அடியில் குலிக் குஞ்சுகள்

குலி லோச், அதாவது மண்புழுபோல் நீண்டு, உடம்பில் பட்டை போட்ட சிறிய அலங்கார மீன், ஒருவழியாக என் தொட்டியில் குஞ்சு பொரித்துவிட்டது. அதுவும் டெட்ரா, ராஸ்போரா, கோரி போன்ற மீன்களெல்லாம் கூட்டுக் குடித்தனம் நடத்தும் அதே மூன்றடித் தொட்டியில். ஹார்மோன் ஊசி கிடையாது, தனித் தொட்டி கிடையாது. முட்டை விழும் இடத்துக்குப் பெரிய மீன்கள் போக முடியாதபடி தடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடுப்பு என் உயிரை வாங்கிவிட்டது.

பொதுத் தொட்டியில் குலி முட்டையிடாது என்று சொல்பவர்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான். இடும். நன்றாகத் தீனி போட்டால் பெண் மீனின் வயிற்றுத் தோல் வழியாகவே பச்சை நிற முட்டைகள் தெரியும். பிறகு ஒருநாள் பார்த்தால் வயிறு ஒட்டிப்போயிருக்கும், முட்டை ஒன்றுகூடக் கண்ணில் படாது. பெற்றவையே பாதியைத் தின்றிருக்கும். மிச்சத்தைக் கோரிகள் துடைத்து எடுத்திருக்கும். அந்தக் காலத்து அண்டர்கிராவல் ஃபில்டர் (சரளைக்கு அடியில் ஓட்டைத் தகடு வைத்து நீரை வடிகட்டும் அமைப்பு) வைத்திருந்தவர்கள், தொட்டியைக் கலைக்கும்போது தகட்டுக்கு அடியில் குலிக் குஞ்சுகளைக் கண்ட கதையைச் சொல்வார்கள். பெரியவை நுழைய முடியாத இடம், தின்ன நுண்ணுயிர்கள், ஓடிக்கொண்டே இருக்கும் நீர் என்று எல்லாமே அங்கே உண்டு. அந்த ஏற்பாட்டைத்தான் சுருக்கி ஒரு மூலையில் வைத்தேன்.

அமைப்பு எளிது. 5 செ.மீ. உயரப் பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் ஊறிய நாட்டு வாதுமை இலைகள், மேலே வலை, வலையின் மேல் ஜாவா பாசி. தட்டின் அடியிலிருந்து நீரை மெல்ல மேலே தூக்க ஒரு காற்றுக் குழாய். தட்டுக்கு நேர் மேலே ஆகாயத்தாமரை மிதக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு அருகே, அதன் வேர்களுக்கு இடையில்தான் குலி முட்டையைச் சிதறவிடும். மற்ற இடமெல்லாம் வழக்கமான மணல். புதைந்து கிடக்க மணல் இல்லாவிட்டால் இந்த மீனுக்கு நிம்மதி இருக்காது.

தலைவலி முழுவதும் வலையில்தான். கொசுவலையில் முட்டை கீழே இறங்காமல் மேலேயே தங்கும். பந்தல் போடும் வலையில் குலி சாவகாசமாக உள்ளே போய்விடும். தலை நுழையும் ஓட்டை கிடைத்தால் போதும், மீதி உடல் தானாகப் பின்னால் வரும். நைலான் வலை அதைவிட மோசம். குலியின் கண்ணுக்குக் கீழே மடக்கி விரிக்கக்கூடிய சிறிய முள் ஒன்று இருப்பது இதை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பயந்தால் அதை விரிக்கும், விரித்தால் நூலில் மாட்டும், மாட்டினால் துடிக்கும். அப்படி மாட்டிய ஒன்றை நூலை ஒவ்வொன்றாக நறுக்கி விடுவித்த பிறகு, நைலானை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. எஃகு வலையை வெட்டினால் விளிம்பு பிளேடாகிவிடுகிறது. இந்த மீனின் மெல்லிய தோலுக்கு அது ஆகாது.

கடைசியில் கைகொடுத்தது ஃபேன்சி ஸ்டோர். உல்லன் நூலால் பூவேலை செய்வதற்கு விற்பார்களே, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தகடு, அதுதான். கட்டம் ஒவ்வொன்றும் 2 மி.மீ.க்குச் சற்று மேல். முட்டை இறங்கும், பெரிய குலி இறங்காது, முள்ளும் மாட்டாது. கத்தரிக்கோலால் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் வேலை முடிந்தது. ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகான் வேண்டும். வினிகர் வாடை முழுவதும் போகும்வரை தொட்டியில் இறக்கக் கூடாது. மூலைகளில் கூடுதலாக ஒரு பூச்சு பூசுங்கள். குலி முதலில் மூக்கை நுழைத்துப் பார்ப்பது அங்கேதான்.

மதுரையில் எங்கள் தெருவின் போர் தண்ணீர் உப்பு. பாதிக்குப் பாதி ஆர்.ஓ. நீர் கலந்துதான் தொட்டிக்கு ஊற்றுகிறேன். வடகிழக்குப் பருவமழை பிடித்த வாரத்தில் சற்றுக் குளிர்ந்த நீரை அடிக்கடி மாற்றினேன். முட்டையிட வைத்தது அதுவா, விடாமல் போட்ட டியூபிபெக்ஸ் புழுவா என்று என்னைக் கேட்டால், புழுவுக்குத்தான் என் ஓட்டு.

தட்டுக்குள் டார்ச் அடித்தபோது வாதுமை இலை நரம்பின்மேல் ஏதோ நெளிந்தது. சேமியாத் துண்டு அளவுதான் இருக்கும். உடம்பில் பட்டைகள் அப்போதுதான் விழத் தொடங்கியிருந்தன. பக்கத்தில் அதைவிடச் சிறிய ஒன்று. செவுளுக்கு வெளியே மயிரிழை போல இழைகள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன. இந்தக் குடும்பத்து மீன்களின் குஞ்சுப் பருவத்துக்கே உரிய வெளிச்செவுள் அது. படத்தில் மட்டுமே பார்த்ததை நேரில் கண்டதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தீனிக்கு இப்போது கவலையில்லை. இலை மக்கிய அழுக்கிலேயே நுண்ணுயிர் நிறைய இருக்கிறது. அதோடு தினமும் ஆர்டிமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலின் குஞ்சுகளைச் சிரிஞ்சில் எடுத்து வலை வழியாக உள்ளே விடுகிறேன்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று. கடையில் குலி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை பாஞ்சியோ செமிசிங்டா என்ற வேறு இனம். அசல் பாஞ்சியோ குலி ஜாவாவைச் சேர்ந்தது. ஒரு கடைக்காரர் எனக்குப் பட்டையே இல்லாத கறுப்புக் குலியையும் கலந்து அனுப்பிவிட்டு, 'வளர்ந்தால் பட்டை வரும்' என்றார். சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு நேரில் போக முடிந்தால் போய், வயிறு ஒட்டாதவையாகப் பொறுக்கி எடுங்கள். ஆணின் மார்புத் துடுப்பு தடித்திருக்கும். கூட்டமாக வாங்கினால் ஆணும் பெண்ணும் கிடைத்துவிடும்.

வரிக்குதிரை லோச்சிலும் இதே தட்டை முயன்று பார்க்க ஆசை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மீன், அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆற்றில் பிடித்தவற்றையும் கடைகளில் விற்கிறார்கள். அது நீண்ட வேலை. அதற்கு முன் அயிரை. குழம்புக்குப் போகும் அதே அயிரைதான், அதுவும் லோச் குடும்பமே. சந்தையில் உயிரோடு கிடைத்தாலும் கூடையில் நசுங்கியவை வீட்டுக்கு வந்து சாகின்றன. அதனால் கண்மாயில் பிடிப்பவரிடமே சொல்லிவைத்திருக்கிறேன். குலியைவிடச் சிறிய மீன் என்பதால் 2 மி.மீ. கட்டம் தாங்குமா என்பதுதான் யோசனை. இரண்டு தகடுகளைச் சற்றே விலக்கி அடுக்கினால் ஓட்டை பாதியாகும். அதற்கும் தகடு வாங்கிவிட்டேன். குலிக் குஞ்சுகளை எங்கே மாற்றுவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.